ஏரியைக் காலி செய்த பிரமுகர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். பின்லாந்து பூமியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல், அந்த நாட்டுச் சின்னப் பஞ்சாயத்து ஒன்றின் வரலாற்றையும் அதன் பிரமுகர்களின் கதையையும் தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

"பின்லாந்து தெரியுமா?" என்று அந்த ஊர்க்காரர் கேட்டார்.

"ரொம்பக் குளிரான தேசம்" என்றேன். வெள்ளைக்காரர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இந்தப் பதில் தப்பாகாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சிக்காக ஐப்பசியும் கார்த்திகையும் எனக்கு வீணாயின.

எண்பதுகளின் கடைசி. நான் வரலாற்றில் பி.ஏ. முடித்திருந்தேன். முடித்தேன் என்பதைவிட, என்னைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போய் வாத்தியார்களே விட்டுவிட்டார்கள் என்றால் பொருத்தமாக இருக்கும். மரக்காணம் கடைத்தெருவில் அத்தாவுக்கு ஒரு கடை; எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். கயிறு, சாக்கு, மண்வெட்டி, கூடை என்று உப்பளத்து வேலைக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அண்ணன் துபாயில் இருந்தான். அவன் அனுப்பிய டேப்ரிக்கார்டர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆக, எங்கள் குடும்பத்தில் உழைக்கிறவர்கள் இரண்டு பேர், பாட்டுக் கேட்கிறவன் ஒருவன்.

பின்லாந்துக்காரர் ஆரோவில்லில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். ஓட்டை மொபெட்டில் வந்து மீனும் கல்லுப்பும் வாங்கிப்போவார். வாளியில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று போட்டு மூடிவைத்து, அடுப்பில் ஏற்றாமலேயே தின்பார் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் எனக்கே ஒரு துண்டு கொடுத்தார். பேச்சு உண்மைதான். எங்கள் ஊரில் அவருக்கு 'உப்பு துரை' என்று பெயர். உப்பளத்து வரப்பில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தைப் பார்த்தால் மொபெட்டை நிறுத்தித் தொப்பியைக் கழற்றுவார். அளத்து ஆட்கள் பாவம், வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

தொப்பிக்குக் காரணம் இருந்தது. அவர் ஊரில் காடு உண்டு, ஏரி உண்டு, ஏரியில் மீன் உண்டு, உப்பு மட்டும் கிடையாது. முன்னோர்கள் பைன் மரத்தை மண்ணுக்குள் புகையவிட்டுத் தார் இறக்கி, பீப்பாயில் அடைத்து, உறைந்த ஏரிகளின் மேல் சறுக்கு வண்டியில் கடற்கரைப் பட்டணம் வரைக்கும் இழுத்துப் போவார்களாம். தாரைக் கொடுத்து உப்பை வாங்கி வருவார்களாம். உப்பு வராத வருஷம் மீன் அழுகும். விளைச்சலும் இல்லையென்றால் மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவருக்கு, மரக்காணத்தில் உப்பு மண் மாதிரி குவிந்து கிடப்பதைப் பார்த்தால் தாங்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் கடைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தவர், "என் ஊர் சாகப் போகுது" என்றார். புயலோ என்று பயந்துவிட்டேன். அதெல்லாம் இல்லை. இளவட்டங்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்களாம். புது வருஷம் பிறந்தால் அந்தப் பஞ்சாயத்தைப் பக்கத்து டவுனோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். அதற்குப் பிறகு ஆபீஸ் போர்டில்கூட ஊர்ப் பெயர் இருக்காது.

அவருக்கு ஓர் அக்கா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஆயுசு முழுவதும் டீச்சராக இருந்தவர். ஊர் வரலாறு என்று ஒரு தடிப் புத்தகம் உண்டு, அதில் பாதியை அவர்தான் எழுதினாராம். இப்போது கண் தெரியவில்லை, முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

"ஊர் போறதுக்கு முன்னாடி, உப்பு விளையுற இடத்துல, உப்பு எடுக்கிறவங்க முன்னாடி அந்த வரலாறை ஒரு தடவை சத்தமா வாசிக்கணும்" என்றார். "கேசட்ல பிடிச்சு அக்காவுக்கு அனுப்பணும். அவ அதைக் கேக்கணும்."

"தமிழ்ல வாசிச்சா அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"பேருங்க புரியும்" என்றார்.

இப்படி ஒரு மனிதர் கேட்கும்போது மறுக்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

தினமும் மத்தியானம் கடையின் பின்னறையில் உட்காருவோம். அவர் தன் பாஷைப் புத்தகத்தைப் பார்த்துத் தன் இங்கிலீஷில் சொல்வார். நான் அதை என் இங்கிலீஷில் புரிந்துகொண்டு தமிழில் எழுதுவேன். மூன்று இடத்தில் ஓட்டை விழுந்த குழாயில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். பனியில் கட்டையைக் காலில் கட்டிச் சறுக்குவதை எழுத ஒரு பகல் போயிற்று. எழுதியதை அத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "கால்ல கட்டைய கட்டிக்கினா விழுவாங்களே தவிர எப்படிடா போவாங்க?" என்றார். எழுதின எனக்கும் அதே சந்தேகம்தான்.

அத்தாவுக்கு இந்த வேலையில் துளியும் விருப்பமில்லை. "நம்ம கடையில நைலான் கயிறு எங்க இருக்குதுன்னு கேட்டா முழிக்கிற. அந்த ஊரு மாதா கோயில் எந்த வருஷம் எரிஞ்சுதுன்னு மட்டும் தெரியுது" என்பார். வந்த வாடிக்கைக்காரர்களிடம், "புள்ள உள்ள இருக்கான், பின்லாந்துக்குப் பிரசிடெண்டா நிக்கப் போறான்" என்று சொல்லிவைப்பார்.

பிரமுகர்கள் அதிகாரம் வந்ததும் எனக்கு ஏமாற்றம். நான் எதிர்பார்த்தது அரசர், தளபதி, குறைந்தது ஒரு மந்திரி. வந்தவர்களோ வேறு மாதிரி. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஒரு பாதிரியார். மாதா கோயில் கோபுரத்துக்குக் கடிகாரம் செய்த ஒருவர். அது மெதுவாக ஓடும். ரயில் வருகிற வரைக்கும் ஊரே மெதுவாக ஓடியிருக்கிறது. கட்டையில் சறுக்கிக்கொண்டே போய்ப் பிரசவம் பார்த்த ஒரு மருத்துவச்சி. அதோடு, ஏரியைக் காலி செய்த ஒரு விவசாயி.

"காலி செஞ்சாரா? ஏரியையா?"

"கொஞ்சம் தண்ணியை இறக்கினா புல்லு நிலம் கிடைக்கும்னு நினைச்சான். வாய்க்கால் வெட்டினான். மதகு வெச்சான். பனி உருகின வெள்ளத்துல மதகு போச்சு. விடிஞ்சு பார்த்தா ஏரி இல்லை."

"இவர் எப்படிப் பிரமுகர்?"

"எல்லாருக்கும் அவனைத் தெரியுமே" என்றார். புல்வெளி கிடைத்தவர்கள் அவனைக் கும்பிட்டார்களாம். மீன் போனவர்கள் காறித் துப்பினார்களாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எழுதி முடித்தபோது கார்த்திகை பாதி ஆகிவிட்டது. மார்கழி பிறப்பதற்குள் கேசட் தபாலில் ஏறினால்தான் வருஷம் முடிவதற்குள் போய்ச் சேரும். மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர், அளத்து ஆட்களுக்கு வேலை இல்லை. கூட்டம் சேர்க்க நல்ல நேரம்தான். உப்பளத்துக் கொட்டகையில் ஒரு பத்துப் பேரை உட்காரவைத்து வாசித்துவிடலாம் என்று இருந்தேன். அது ஊர்ப் படிப்பகத்துச் செயலாளர் காதில் விழுந்தது.

"நோட்டீஸ் அடிக்காம கூட்டமா? இன்னாப்பா நீ, படிச்சவன்தானே?" என்றார். என் தாள்களை வாங்கிப்போனார். இரண்டாம் நாள் கடைத்தெரு முழுக்கச் சுவரொட்டி. எங்கள் பக்கத்தில் விழா என்றால் தலைமை ஒருவர், முன்னிலை என்று ஒரு பத்துப் பேர், வாழ்த்துரை என்று மிச்சமிருக்கும் எல்லாரும். முன்னிலைக்குப் பெயர் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் தாளில் இருந்த பாதிரியார், கடிகாரக்காரர், மருத்துவச்சி, ஏரிக்காரர் எல்லாரையும் வரிசையாக அங்கே போட்டுவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'பின்லாந்துப் பிரமுகர்'.

"அண்ணே, இவங்கல்லாம் செத்துப்போனவங்க" என்றேன்.

"அத முன்னாடியே சொல்றதில்ல? பெருமுக்கல் வரைக்கும் ஒட்டியாச்சு."

விழா அன்றைக்குக் கொட்டகை கொள்ளவில்லை. பெருமுக்கல்லிலிருந்துகூட ஒரு கோஷ்டி வந்திருந்தது, வெள்ளைக்கார மருத்துவச்சியைப் பார்க்க. பிரமுகர் வந்தால் ஆளுக்கொரு துண்டு போர்த்துவதுதானே முறை? குத்தகைக்காரர், ஜமாத்துக்காரர், படகுக்காரர் என்று எல்லாரும் துண்டோடு வந்திருந்தார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போனால் மரியாதை இல்லை என்று எல்லாத் துண்டையும் ஒரே ஆள் மேல் போட்டார்கள். உப்பு துரை கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் டேப்ரிக்கார்டர்.

அடுத்து ஏட்டு வந்தார். இலங்கையில் சண்டை நடந்த அந்த நாட்களில் கடற்கரை ஊர்களில் புதுமுகம் என்றாலே போலீஸ் விசாரிக்கும். கையில் கிழித்தெடுத்த சுவரொட்டி.

"இதுல போட்டிருக்கிற ஃபாரினருங்க எங்க தங்கியிருக்காங்க? பாஸ்போர்ட்டுங்க எங்க?"

"யாரும் வரலீங்க சார். அவங்க இறந்துட்டாங்க."

ஏட்டு பேனாவை எடுத்தார். "எல்லாருமா?"

"எல்லாரும்தான் சார். நூறு வருஷம், இருநூறு வருஷம் ஆச்சு."

"நம்ம ஸ்டேஷன் லிமிட்லயா?"

இல்லை என்று மூன்று தரம் சொன்ன பிறகு பேனாவை மூடினார். ஆனால் போகவில்லை. அவர் கையிலும் ஒரு துண்டு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு வழியாகத் துரை டேப்பின் பித்தானை அழுத்தினார். நான் எழுந்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொட்டகையில் இடது பக்கம் வடக்கு அளத்து ஆட்கள், வலது பக்கம் தெற்கு அளத்து ஆட்கள். அந்த வருஷம் முதல் மழையில், தண்ணீர் வடியட்டும் என்று வடக்கே யாரோ மதகைத் திறந்துவிட, வெள்ளம் தெற்கே புகுந்து வரப்போரம் இருந்த அம்பாரத்தைக் கரைத்துவிட்டது. யார் திறந்தது என்று பஞ்சாயத்து வைத்தும் தீரவில்லை. இரண்டு அளத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாக்கு விற்கிற கடைக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் தெரிந்த ஒன்றை வேண்டிய நேரத்தில் நினைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அந்த வயதில் இல்லை. இன்னொரு விஷயம், எங்கள் மேடைகளில் எதிராளியைப் பெயர் சொல்லித் திட்டமாட்டார்கள். 'ஒரு ஊர்ல ஒருத்தர்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். யாரைச் சொல்கிறார் என்று கேட்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

தார், சறுக்கு வண்டி, உப்புப் பயணம் வரைக்கும் நன்றாகப் போயிற்று. வெறும் உப்புக்காக யாரோ அவ்வளவு தூரம் பனியில் நடந்தார்கள் என்றதும் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். துரை தலையாட்டினார். பாதிரியாருக்கும் கடிகாரக்காரருக்கும் கைதட்டுகூடக் கிடைத்தது. அந்தத் தெம்பில் குரலை உயர்த்தி, "அந்த ஊரில் ஒருவர், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் மதகு வைத்து..." என்று வாசித்தேன்.

வடக்கு அளத்து மேஸ்திரி எழுந்துவிட்டார். "நிறுத்துப்பா. யாரைச் சொல்றே?"

"பின்லாந்துல அண்ணே. பழைய கதை."

"பனி பேயுற ஊர்ல மதகு எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

தெற்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பாய் தம்பி சரியாத்தான் சொல்லுது. படிச்ச புள்ள. நீ படிப்பா. தொறந்தவன் பேர சத்தமா சொல்லு" என்றார்.

கேட்டால் சொல்வதுதானே மொழிபெயர்ப்பாளன் கடமை? அந்தப் பின்லாந்துப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். தெற்குப் பக்கம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி மேஸ்திரியைப் பார்த்துச் சிரித்தது.

"கேட்டீங்களா, எனக்குப் பேரு வெச்சுக் கூப்புடறாங்க" என்றார் மேஸ்திரி. "ஏம்பா, மதகைத் திறக்கலைன்னா வரப்பே போயிருக்கும். அப்ப ரெண்டு அளமும் போயிருக்கும். அந்த ஆளு செஞ்சதுதான் சரி."

"எந்த ஆளு?"

"அதான், பின்லாந்து ஆளு."

"அப்ப நீ திறந்தத ஒத்துக்கினே."

அவ்வளவுதான். ஏரியில் மீன் பிடித்தவர்களுக்காகத் தெற்கும், புல்வெளி கிடைத்தவர்களுக்காக வடக்கும், பார்த்தே இராத ஊருக்காகப் பாய்ந்துகொண்டன. "வெள்ளம் வர்ற காலத்துல மண் மதகு எவனாவது வெப்பானா?" "உன் நிலத்துல தண்ணி நின்னா தெரியும்." இடையிடையே அந்தப் பெயர். நான் "அமைதி, அமைதி, அடுத்தது மருத்துவச்சி" என்று கத்தினேன். மருத்துவச்சி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. செயலாளர் நன்றியுரையை இப்போதே சொல்லிவிடட்டுமா என்று என் காதில் கேட்டார். ஏட்டு இரண்டு பேரைப் பிரித்துவிட்டு, "மொதல்ல அந்த ஏரிக்காரனக் கூப்புடு, விசாரிச்சுருவோம்" என்றார். செத்துப்போனவர் என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வடக்கு, தெற்கு எல்லாம் ஒரே ஓட்டமாக அம்பாரங்களை மூடியிருந்த கீற்றைப் பிடிக்க ஓடினார்கள். கொட்டகையில் நான், துரை, ஏட்டு, துண்டுகள். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடத் துரை அதை நிறுத்தவில்லை.

இரண்டு மாதம். அவ்வளவு தாள்கள். மருத்துவச்சியிலிருந்து பின்னால் இருந்த ஒருவர்கூட வாசிக்கப்படவில்லை. பக்கத்து டவுனோடு சேரப்போகிற ஓர் ஊருக்கு, அதன் கடைசி மாதத்தில், நான் செய்துகொடுத்த மரியாதை ஒரு சண்டை. எனக்கு வந்த எரிச்சலில் தாள்களைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஏற்கெனவே மழையில் கூழாகியிருந்தன.

"இந்த கேசட்ட அழிச்சிடுங்க. நாளைக்கு எங்க கடை பின்னறையில கதவைச் சாத்திக்கினு முழுசா வாசிக்கிறேன். உங்க புத்தகம் இருக்குதே, மறுபடி எழுதிடலாம்" என்றேன்.

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். "தபால் நாளைக்கே போகணும்" என்றார். பிறகு டேப்பை என் பக்கம் தள்ளி, "நீயே அவகிட்ட சொல்லு" என்றார்.

மழைச் சத்தத்துக்கு மேலே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டி, அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், சத்தம் மட்டும் அதிகம் என்றேன். உங்கள் மருத்துவச்சி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்றேன். இந்தக் கூச்சலை மறந்துவிடுங்கள், மீதியை ஒழுங்காக வாசித்து அனுப்பட்டுமா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அது முடியும்போது டேப்பும் தீர்ந்தது.

வருஷம் பிறந்தது. அந்த ஊர்ப் போர்டைக் கழற்றிவிட்டதாகத் துரைக்குத் தகவல் வந்தது. கேசட் போய்ச் சேர்ந்ததா, அக்கா கேட்டாரா என்பதற்கு மட்டும் தகவல் இல்லை. அவர் உப்பு வாங்க வரும்போதெல்லாம் நான் முகத்தைப் பார்ப்பேன், அவர் இல்லை என்று தலையாட்டுவார். இதற்கு நடுவில் வடக்கு மேஸ்திரிக்கு அந்தப் பின்லாந்துப் பெயரே நிலைத்துவிட்டது. வாய்க்கு வசதியாகப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் பிள்ளைகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், எனக்கும் ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது.

பொங்கல் கழிந்து, பாத்திகளில் சேறு வாரும் வேலை ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் துரை கடைக்கு வந்தார். கையில் அதே கேசட். அக்கா திருப்பி அனுப்பியிருந்தார். மறுபக்கத்தில் பேசியிருக்கிறாராம். தனியாகக் கேட்க மனசு வரவில்லை போல, அதனால் இங்கே எடுத்துவந்திருந்தார். அத்தாகூடச் சாக்கை எண்ணுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

போட்டோம். வெகுநேரம் வெறும் இரைச்சல். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சுவர்க் கடிகாரம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழக்குரல் தொண்டையைச் செருமி, ஒரே ஒரு வாக்கியம் பேசியது. நடுவில் அந்த ஏரிக்காரர் பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. உடனே டக்கென்று பித்தான் சத்தம். அவ்வளவுதான்.

துரை டேப்பை நிறுத்தினார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன். "மீதியை வாசிச்சு அனுப்பச் சொல்றாங்களா?"

தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"வேண்டாமாம், அவன் பேரை எடுத்தா அங்கேயும் இன்னும் இப்படிச் சண்டைதானாம்."